குளிர் ஊரில் டை அண்ட் டை: சாயம் கலக்குவது, காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய பனியன், துப்பட்டா, தலையணை உறை என்று எது கையில் கிடைத்தாலும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இவை. சாயப் பொட்டலத்தோடு வரும் செய்முறை எல்லாம் கீழ்நாட்டு வெயிலை நம்பி எழுதியது. அதை அப்படியே இங்கே செய்தால் துணியும் வீண், காசும் வீண். கலக்கிய சாயத்தைக் கெடாமல் காப்பதும் நம் ஊர்க் குளிர்தான், அதைத் துணியில் ஏறவிடாமல் செய்வதும் அதே குளிர்தான். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றது எல்லாம் எளிது.

எந்தச் சாயம் வாங்க வேண்டும்? கடையில் பல வகை சொல்கிறார்கள்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் வாங்குங்கள். அதிலும் 'கோல்டு பிராண்டு' (தங்கம் இல்லை, குளிர் என்னும் கோல்டு) என்று கேளுங்கள். உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லும் சின்னப் பொட்டலச் சாயம் நூலின் மேல் ஒட்டிக்கொள்வது மட்டும்தான். ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. துணி கிழியும்வரை நிறம் நிற்பது அதனால்தான். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956-ல் புரோசியான் என்ற பெயரில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயக் கடைகளில் டப்பா மேல் எழுத்தும் எண்ணும் போட்டிருப்பார்கள். சிவப்பு எம்5பி, நீலம் எம்ஆர், மஞ்சள் எம்4ஜி என்று 'எம்' மட்டும் வந்தால் ('எம்இ' அல்ல) அது கோல்டு பிராண்டு. 'எச்', 'எச்இ' என்று இருந்தால் அடுப்பில் வைத்துச் சூடேற்ற வேண்டிய வகை. முடிச்சுத் துணியில் பாட்டிலால் ஊற்றுகிற வேலைக்கு அது வேண்டாம்.

கறுப்பில் மட்டும் கவனமாக இருங்கள். 'பிளாக் பி' என்று பரவலாக விற்பது வினைல் சல்போன் வகை. சாயப்பட்டறையில் அதை 60 டிகிரி வாக்கில் ஏற்றுவார்கள். கடைக்காரர் ரியாக்டிவ் என்று சொல்லித்தான் கொடுப்பார், அது பொய்யும் இல்லை. ஆனால் நம் ஊர்க் குளிரில் அது சாம்பல் நிறமாகத்தான் முடியும்.

அக்கா, பாட்டிலில் பளிச்சென்று இருந்த நிறம் துவைத்ததும் வெளுத்துவிட்டது. மட்டமான சாயத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிசம்பரில் ஆறு பனியனில் முடிச்சுப் போட்டு, சாயம் ஊற்றி, ஒரு நாள் முழுக்க வைத்திருந்து அலசினேன். சிவப்பு ரோஜாப்பூ நிறமாகவும் நீலம் வெளுத்த வானமாகவும் நின்றன. சாயம் வாங்கிய கடைக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். மீதிப் பொடியை மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போய், அதே அளவு, அதே துணி, சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் அதே சோடா என்று செய்து பார்த்தேன். மறுநாள் அலசினால் ரத்தச் சிவப்பு. மாறியது ஊர் மட்டும்தான்.

கோல்டு பிராண்டு என்றால் பச்சைத் தண்ணீரிலேயே ஏறிவிடும் என்று அர்த்தம் இல்லை. கொதிக்க வைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். குறைந்தது 21 டிகிரி சூடாவது வேண்டும், 25 முதல் 35 வரை இருந்தால் நல்லது. கொடைக்கானலில் ஏப்ரல், மே மாதப் பகலிலேயே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவில் 8 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். 10 டிகிரி குறைந்தால் இந்த வேதிவினையின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கும் இதே கதைதான்.

அந்தக் கடைக்காரரிடம் பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

சரி, துணியை எப்படிச் சூடாக வைப்பது?

எனக்குக் கைகொடுத்தது தெர்மாகோல் பெட்டி. மீன் வரும் பெட்டி இருக்கிறதல்லவா, அது. கழுவிக் காயவைத்து, சாயம் ஊற்றிய துணிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டில் இரண்டு. மூடி போட்டு மேலே பழைய கம்பளி. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினால் போதும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள், மீன் தொட்டிக்கு விற்கும் மலிவான வகையே போதும். காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது இவ்வளவு குறைந்த சூட்டைக் காட்டாது.

வெயில் அடிக்கும் நாளில் கண்ணாடி ஏற்றி மூடிய காருக்குள் வைத்தாலும் நல்ல சூடு கிடைக்கும். கணப்பு இருக்கும் வீடுகளில் அதன் பக்கத்தில் நாலடி தள்ளி வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்துவிடாதபடி அவ்வப்போது திருப்பி வையுங்கள். துணி காய்ந்தால் சாயம் ஏறுவது அங்கேயே நின்றுவிடும்.

அவசரம் என்றால் ஆவி. இனிமேல் சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய இட்லிப் பானையில், பழைய துணியில் சுற்றி அரை மணி நேரம் ஆவியில் வைத்தால் போதும். சோம்பேறிச் சாயமான டர்காய்ஸ் நீலம்கூட இதில் பிடித்துவிடும்.

சூடே கொடுக்க வழியில்லை என்றால் இரண்டு, மூன்று நாள் ஈரம் காயாமல் அப்படியே விட்டுவிடுங்கள். ஏறும், ஆனால் முழு அடர்த்தி வராது.

அளவு சொல்லுங்கள்.

250 மில்லி தண்ணீருக்கு வெளிர் நிறம் என்றால் 2 கிராம் பொடி, நடுத்தரம் 5 கிராம், அடர் நிறம் 10 கிராம். கறுப்புக்கு 15 கிராம் வேண்டும். ஒரு டீஸ்பூன் தலைதட்டி எடுத்தால் சுமார் இரண்டரை, மூன்று கிராம் வரும், ஆனால் நிறத்துக்கு நிறம் மாறும். நகைத் தராசு போன்ற சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். போன தடவை வந்த பச்சை இந்தத் தடவையும் வேண்டுமென்றால் ஸ்பூன் கணக்கு கைவிட்டுவிடும். 250 மில்லியில் இரண்டு, மூன்று பனியனுக்குத் தாராளமாகப் புள்ளியும் வட்டமும் போடலாம்.

பொடி கட்டி கட்டியாகவே இருக்கிறது. துணியில் புள்ளி புள்ளியாக விழுகிறது.

பொடியைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். முதலில் கப்பில் பொடியைப் போட்டு, ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, ராகி மாவு கரைப்பது போலக் குழைத்துக்கொள்ளுங்கள். கட்டி இல்லாமல் பசையான பிறகுதான் மீதித் தண்ணீர். தண்ணீர் 35 முதல் 40 டிகிரி, அதாவது கைக்கு இதமாக இருக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கரையவே கரையாது. அதற்காகக் கொதிக்கிற தண்ணீரையும் ஊற்றக் கூடாது. சாயம் துணியைப் பார்க்கும் முன்பே வீணாகத் தொடங்கிவிடும்.

மெஜந்தா போன்ற சிவப்புகள் கரைந்தது போலத் தெரிந்தாலும் துகள் மிச்சம் இருக்கும். பத்து நிமிடம் வைத்து மறுபடி கலக்கி, பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றுங்கள்.

ஒரு நல்ல செய்தி: மலைத் தண்ணீர் மென்மையானது. சோப்பு எவ்வளவு சுலபமாக நுரைக்கிறது என்று நமக்கே தெரியும். கீழே போர்வெல் தண்ணீரில் செய்கிறவர்கள் கடினத்தன்மையைப் போக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். ஓடைத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வைத்திருக்கும் நமக்கு அது வேண்டியதில்லை.

யூரியா எதற்கு? தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவைப் போடலாமா?

யூரியா இரண்டு வேலை செய்கிறது. அடர்த்தியாகக் கலக்கும்போது பொடி முழுதாகக் கரைய உதவுகிறது, துணியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 100 கிராம் போதும். மூடுபனி அடர்ந்த நாளில் துணி தானாகவே காயாது, அப்போது பாதி போட்டாலும் சரி.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. யூரியா கரையும்போது தண்ணீரிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் மாதிரி ஆகிவிடும். ஆகவே நல்ல சூடான தண்ணீரில் முதலில் யூரியாவைக் கரைத்து, அது வெதுவெதுப்பானதும் அந்தத் தண்ணீரில் சாயத்தைக் கலக்குங்கள். யூரியா போட்ட தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், அம்மோனியா வாடை கிளம்பும்.

தோட்டத்து யூரியா வேண்டாம். 2015 முதல் அது வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, அந்தப் பிசுக்கு சாயத்தில் மிதக்கும். அதைவிட முக்கியம், அது உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் பூண்டுக்கும் என்று அரசு மானியத்தில் கொடுப்பது. வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படியும் தவறு. கெமிக்கல் கடையில் 'டெக்னிக்கல் கிரேடு' என்று கேட்டால் கிடைக்கும்.

சோடா ஆஷ், வாஷிங் சோடா, ஆப்ப சோடா மூன்றும் ஒன்றா?

இந்தக் குழப்பத்தில் எத்தனை துணி போயிருக்கிறது! ஆப்ப சோடா முற்றிலும் வேறு பொருள், இதற்குக் காரம் போதாது. அதை ஒதுக்கிவிடுங்கள். சோடா ஆஷும் வாஷிங் சோடாவும் ஒரே சோடியம் கார்பனேட்தான். ஆனால் கண்ணாடிக் கல் போல இருக்கும் வாஷிங் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர். வேதிக் கணக்குப்படி 106 கிராம் சோடா ஆஷ் செய்யும் வேலைக்கு 286 கிராம் கல் சோடா வேண்டும். செய்முறையில் லிட்டருக்கு 60 கிராம் சோடா ஆஷ் என்று இருந்தால், கல் சோடா 160 கிராம் போடுங்கள். என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் கல் சோடாவை 60 கிராம் போட்டுவிட்டு, தெர்மாகோல் பெட்டி, வெந்நீர் எல்லாம் வைத்தும் நிறம் வரவில்லை என்று கண் கலங்கி நின்றார்.

சோடாவைக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால் பாறையாக இறுகிவிடும். வெந்நீரைக் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். முடிச்சுப் போட்ட துணியை அதில் 15, 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, சூடு ஆறும் முன்பே சாயம் ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர் பயன்படுத்துங்கள். கையுறை போடாமல் கை விடாதீர்கள்.

ஊறவைத்த சோடாத் தண்ணீர் கெடாது. மூடி வைத்தால் அடுத்த மாதமும் பயன்படும்.

சோடாவைச் சாயத்திலேயே கலந்துவிட்டால் ஒரு வேலை மிச்சம் அல்லவா?

கலக்கலாம். ஆனால் கலந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சாயத்தில் ஒரு கொக்கி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சோடா பட்டதும் அந்தக் கொக்கி எதையாவது மாட்டிக்கொள்ளத் தேடும். பக்கத்தில் பருத்தி இருந்தால் பருத்தி, இல்லாவிட்டால் தண்ணீர். தண்ணீரை மாட்டிக்கொண்ட கொக்கி பிறகு எதற்கும் உதவாது. வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சேமித்து வைக்கும் எண்ணம் இருந்தால் சோடாவை அந்தப் பாட்டில் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சோடா சேராத சாயம் எத்தனை நாள் தாங்கும்?

கீழே, வெயில் காலத்தில், ஒரு வாரம் வந்தால் பெரிது. இங்கேதான் நமக்கு யோகம். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் வடக்குப் பார்த்த அறையில், வெளிச்சம் படாத அலமாரியில் இரண்டு வாரம் நன்றாகவே இருக்கும். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு வாரம். ஆனால் சாப்பாட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு பாட்டில் இருந்தால் குழந்தை எடுத்துக் குடிக்கப் பார்க்கும். நான் ஃபிரிட்ஜில் வைப்பதே இல்லை, இந்த ஊரில் அதற்கு அவசியமும் இல்லை.

எல்லா நிறமும் ஒரே மாதிரி தாங்காது. டர்காய்ஸ் மெதுவாக ஏறும், மெதுவாகவே கெடும். சிவப்புகள் முந்திக்கொள்ளும். இரண்டு நிறம் கலந்து பச்சையோ ஊதாவோ செய்து வைத்தால், அதில் ஒன்று முதலில் சோர்ந்து, பச்சை நீலமாகச் சாயும். தனி நிறங்களாகவே வைத்திருந்து அன்றன்று கலந்துகொள்ளுங்கள். பாட்டிலில் நிறம், அளவு, கலக்கிய தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். நினைவில் இருக்கும் என்று விட்ட பாட்டில்கள்தான் என்னை அதிகம் ஏமாற்றியிருக்கின்றன.

பாட்டில் அடியில் ஏதோ படிந்திருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா?

குளிரில் சில சாயங்கள் தண்ணீரிலிருந்து பிரிந்து அடியில் உட்காரும். கெட்டதாக அர்த்தம் இல்லை. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்திக் குலுக்கினால் கரைந்துவிடும். அப்படிக் கரைக்காமல் மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றினால் நிறம் வெளிறும்.

பழைய சாயம் இன்னும் வேலை செய்யுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செத்த சாயமும் அதே நிறத்தில்தான் இருக்கும், துணியில் ஊற்றினாலும் பளிச்சென்றுதான் தெரியும். ஆகவே வேலைக்கு முதல் நாள், சோடாத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துண்டில் பத்துச் சொட்டு விட்டு, சின்ன டப்பாவில் மூடி, சூடான இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசுங்கள். நின்றால் நல்லது. பாதிக்கு மேல் போனால் அந்தப் பாட்டிலை நல்ல துணிக்கு எடுக்காதீர்கள்.

பொடியை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில். ஆனால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் அதுதானே கஷ்டம்? இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடி, உள்ளே ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மழை, பனி நாளில் திறக்காதீர்கள். குளிர்ந்த அறையிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் எடுத்து வந்தால் ஜாடி அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். ஒருமுறை ஈரம் பட்டுக் கட்டியான பொடியைச் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

முகமூடி கட்டாயமா?

கட்டாயம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே இல்லை. ரியாக்டிவ் சாயப்பொடியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுக்கும். குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் பொடி அளக்கும் நமக்கு இன்னும் ஆபத்து. ஈரமான செய்தித்தாளை விரித்து அதன் மேல் அளந்தால் சிந்துவது பறக்காது. என்95 முகமூடி போடுங்கள், குழந்தைகளைப் பொடி கரையும்வரை வெளியே அனுப்புங்கள். கரைத்த பிறகு அவர்களும் கையுறையோடு வந்து ஊற்றலாம்.

துணியைச் சுற்றி வைக்கப் பிளாஸ்டிக் பை வேண்டும் என்கிறார்கள். இங்கே தடை ஆயிற்றே?

பை தேவையே இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை இருக்கிறது, மலையில் அதை இன்னும் அக்கறையோடு பார்க்க வேண்டும். காட்டெருமையும் குரங்கும் குப்பையைக் கிளறுவதைத் தினமும் பார்க்கிறோமே. மூடியுள்ள பழைய தூக்குவாளி, பெயிண்ட் டப்பா, ஓரம் உடைந்த டிபன் பெட்டி எல்லாம் ஈரத்தைக் காக்கும். ஒரு டப்பாவில் ஒரு துணி, அவ்வளவுதான்.

சந்தையில் வாங்கிய ஸ்வெட்டரில் செய்யலாமா?

அவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக். ஏறாது. பாலியெஸ்டரும் அப்படியே. ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி எரித்துப் பாருங்கள்: காகித வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகி உருண்டையானால் வேண்டாம். ரேயான், விஸ்கோஸ், லினன் நன்றாகவே ஏறும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், வெந்நீரில் துவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சுங்குடிப் புள்ளி மாதிரி வர என்ன செய்வது?

மலையிறங்கினால் சின்னாளப்பட்டி, அப்புறம் மதுரை. இரண்டு ஊரும் சுங்குடிக்குப் பேர்போனவை. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. நக நுனியால் துணியைக் கிள்ளி, நூலை இறுக்கிச் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். சௌராஷ்டிரப் பெண்களின் கைவேலை அது. நாம் ரப்பர் பேண்டு மாட்டிச் செய்வதை அதோடு ஒப்பிடவே முடியாது. ஆசை இருந்தால் ஒரு கைக்குட்டையில் ஐம்பது முடிச்சுப் போட்டுப் பாருங்கள். கடுகளவு துணியைக் கிள்ளி நூலை இறுக்கினால் புள்ளி கிடைக்கும். சாயம் பாட்டிலால் ஊற்றாமல், தொட்டியில் உப்பும் சோடாவும் போட்டு முக்குங்கள்.

எப்படி அலசுவது?

முடிச்சை அவிழ்க்கும் முன் பச்சைத் தண்ணீரில் சோடா வழுவழுப்புப் போகும்வரை அலசுங்கள். பிறகு அவிழ்த்து மறுபடி அலசி, அடுத்து வெந்நீர். முதலிலேயே வெந்நீர் விட்டால் ஒட்டாத சாயம் வெள்ளைப் பகுதியில் ஏறும். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் ஒன்றும் குறையில்லை. 60 டிகிரி இருந்தாலே ஒட்டாத சாயம் கழன்றுவிடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று, நான்கு முறை ஆகலாம்.

மிச்சமான சாயத்தை எங்கே கொட்டுவது?

சாக்கடையிலோ ஓடையிலோ வேண்டவே வேண்டாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றமே அந்தப் பட்டறைகளை மூடச் சொன்னது. வீட்டில் நாம் கொட்டுவது அதில் ஒரு துளிதான். ஆனால் கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்துதான் வெள்ளி அருவியாக விழுகிறது. இங்கே ஓடுவது எல்லாம் கீழே யாரோ குடிக்கும் தண்ணீர்.

முதலில் தேவைக்கு மட்டும் கலக்குங்கள். மிஞ்சியதை எல்லாம் ஒரே வாளியில் ஊற்றினால் பழுப்பாகும். அதில் ஒரு பழைய போர்வையையோ மேசைத் துணியையோ சோடாவோடு போட்டு ஊறவிடுங்கள். அந்தப் பழுப்பு மிக அழகாக இருக்கும், என் வீட்டுத் திரைகள் எல்லாம் அதுதான். அதன் பிறகும் இருப்பதில் கொஞ்சம் வினிகர் விட்டுக் காரத்தைத் தணித்து, நீரூற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி, மண் குழியில் ஊற்றுங்கள்.

கையில் பட்ட சாயம் போகவில்லை.

இரண்டு, மூன்று நாளில் தோலோடு தானாகப் போய்விடும். பிளீச் போட்டுத் தேய்க்காதீர்கள். அடுத்த தடவை கையுறையை முழங்கை வரை உள்ளதாக வாங்குங்கள்.